கிரியேட்டினின் சரி, மற்றதெல்லாம்?

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட ஆளைப் பார்த்தால் எல்லோருக்கும் கேட்கத் தோன்றுவது ஒரே கேள்விதான்: "கிரியேட்டினின் எவ்வளவு?" சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்த எண் அது; ஏறினால் கெட்ட செய்தி. எனக்குச் சிறுநீரகம் கொடுத்தது அக்கா. பரிசோதனை நாளன்று ரிப்போர்ட் கைக்கு வருவதற்குள் அவளிடமிருந்து போன் வந்துவிடும். "எவ்வளவுடா?" என்பாள். ஒன்று புள்ளி இரண்டு என்றால் "அப்ப சரி" என்று வேறு கதைக்குப் போய்விடுவாள். மருத்துவமனைக் காத்திருப்பு இருக்கைகளிலும் இதே பேச்சுதான். பக்கத்தில் இருப்பவரின் பெயர் தெரியாது, கிரியேட்டினின் மட்டும் தெரியும்.

அந்த எண்ணோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. அது ஏறினால் எனக்கும் தூக்கம் போய்விடும். ஆனால் அதே தாளில் கீழே இன்னும் பல வரிகள் இருக்கின்றன. சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, யூரிக் அமிலம், மக்னீசியம், டாக்டர் எழுதிக் கொடுத்தால் உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இவற்றை யாரும் போன் போட்டுக் கேட்பதில்லை. எங்கள் ஆயுளைப் பல நேரம் தீர்மானிப்பது இந்தக் கீழ் வரிகள்தான் என்பது என் கட்சி. நான் மருத்துவன் இல்லை; கொஞ்சம் வாசிக்கிற, நிறையக் கேள்வி கேட்கிற நோயாளி. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரை அளவை மாற்றிவிட வேண்டாம்.

மருத்துவக் கணக்குகளில் 'இயங்கும் சிறுநீரகத்தோடு மரணம்' என்று ஒரு வகை உண்டு. முதல் ஆண்டைத் தாண்டிய ஒரு மாற்றுச் சிறுநீரகம் இழப்புக் கணக்கில் ஏறுவதற்கு இரண்டு பெரிய வழிகள். ஒன்று, உடம்பு அதை மெல்ல மெல்ல நிராகரித்து, அது செயலிழப்பது. மற்றது, சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஆள் போய்விடுவது. இரண்டாவது வழி முதலாவதற்குச் சளைத்ததில்லை. அப்படிப் போகிறவர்களில் பெரும்பங்கு இதய, ரத்தக்குழாய் நோய்களுக்கு. அப்புறம் தொற்று, புற்றுநோய். மாரடைப்பு வந்த அன்று காலையில் எடுத்த ரத்தத்திலும் கிரியேட்டினின் ஒன்று புள்ளி இரண்டாகவே இருந்திருக்கலாம்.

இதய, ரத்தக்குழாய் நோய்களை வளர்ப்பவற்றில் ஒன்று அழற்சி, அதாவது கிருமிக்கோ காயத்துக்கோ எதிராக உடம்பு மூட்டும் எரிச்சல். இங்கே நியாயமான ஒரு சந்தேகம் வரும். நாங்கள் தினமும் விழுங்குவதே நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மாத்திரைகள். அழற்சி என்பது அந்த மண்டலத்தின் வேலை. அடக்கி வைத்த உடம்பில் அழற்சி எங்கிருந்து வரும்? அதுவும் ஸ்டீராய்டு சாப்பிடுகிற உடம்பில்? அழற்சி என்றாலே உலகமெங்கும் டாக்டர்கள் எழுதுவது ஸ்டீராய்டைத்தானே?

பதில், எங்கள் மாத்திரைகள் அடக்குவது மண்டலம் முழுவதையும் அல்ல. டாக்ரோலிமஸ் குறிவைப்பது டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்குள் இருக்கும் கால்சிநியூரின் என்ற நொதியை. மைக்கோபினோலேட் குறிவைப்பது பெருகத் துடிக்கும் வெள்ளணுக்களை. அயல் உறுப்பை அடையாளம் கண்டு படை திரட்டுகிறவர்கள் இவர்கள். இவர்களைக் கட்டிப்போட்டால் சிறுநீரகம் தப்பிக்கும். ஆனால் கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள், கல்லீரல், கொழுப்புத் திசு, ரத்தக்குழாயின் உட்சுவர் ஆகியவை சேர்ந்து நடத்தும் அடிமட்ட அழற்சியை இந்த மருந்துகள் பெரிதாகத் தொடுவதில்லை. அது காய்ச்சலோ வலியோ காட்டாமல் வருஷக்கணக்கில் உமித்தீ மாதிரி கனன்றுகொண்டிருக்கும். ஸ்டீராய்டு விஷயமும் நாம் நினைப்பது போல் இல்லை. பலருக்கும் நீண்டகாலத்துக்குத் தரப்படும் 5 மி.கி. பிரெட்னிசோலோன், உடம்பே ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசாலுக்கு ஏறத்தாழச் சமம். கனலை அணைக்க அது போதாது. ஆனால் வருஷக்கணக்கில் சர்க்கரையையும் வயிற்றுக் கொழுப்பையும் வளர்க்க அது தாராளமாகப் போதும்.

மருந்தே இல்லாமல் நடந்த மாற்று அறுவை ஒன்று உண்டு, அதுதான் முதல் வெற்றி. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரி குழுவினர், ரொனால்டு ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடைய ஒரே அச்சான இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார்கள். ரிச்சர்டின் உடம்பு அதைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது. எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இரட்டையர் அல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு வழி திறந்தவை மருந்துகள்தான்: 1960-களில் அசாதயோபிரினும் ஸ்டீராய்டும், 1980-களில் சைக்ளோஸ்போரின், 1990-களில் டாக்ரோலிமஸும் மைக்கோபினோலேட்டும். இன்று ஓராண்டு கழித்துப் பார்த்தால் 90 சதவீதத்துக்கும் மேலான சிறுநீரகங்கள் வேலை செய்கின்றன. முதல் ஆண்டில் கண்ட அந்தப் பாய்ச்சல் பத்தாவது, பதினைந்தாவது ஆண்டுகளில் இல்லை. நிராகரிப்பைத் தடுத்த அதே மருந்துகள் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று வேறு பக்கம் கணக்கை ஏற்றியதும் அதற்கு ஒரு காரணம்.

சர்க்கரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சர்க்கரை வேலை செய்யும் விதமே வேறு.

கால்சிநியூரின் டி செல்லில் மட்டும் இருக்கும் நொதி அல்ல. கணையத்தின் பீட்டா செல்களிலும் இருக்கிறது. இன்சுலின் உற்பத்தி அதையும் நம்பித்தான் நடக்கிறது. டாக்ரோலிமஸ் அங்கேயும் போய்க் கதவைச் சாத்துகிறது. சுரப்பு குறைகிறது. ஸ்டீராய்டு மறுமுனையிலிருந்து வேலை செய்கிறது: கல்லீரலை அதிகச் சர்க்கரை தயாரிக்க வைக்கும், தசையை அதை வாங்கவிடாது, போதாக்குறைக்குப் பசியைக் கிளப்பும். மூன்றாவதாக, யாரும் எதிர்பார்க்காத ஓர் ஆள், புதுச் சிறுநீரகமே. சிறுநீரகம் இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றும் உறுப்பு. கொஞ்சம் சர்க்கரையைத் தயாரிக்கும் உறுப்பும்கூட. டயாலிசிஸ் காலத்தில் சிறுநீரகம் படுத்துவிட்டதால் இன்சுலின் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும், பசியும் குறைவு. உள்ளே ஒளிந்திருக்கும் நீரிழிவு வெளியே தெரியாது. புதுச் சிறுநீரகம் வந்ததும் இன்சுலின் வேகமாகக் கரைகிறது, மருந்துகளும் சேர்ந்துகொள்கின்றன, சர்க்கரை எகிறுகிறது. அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதை வைத்து உடனே நீரிழிவு என்று முத்திரை குத்தக்கூடாது, மருந்து அளவுகள் நிலைப்பட்டபின் பார்க்க வேண்டும் என்பது இப்போது நிபுணர்களின் பொதுக்கருத்து. அப்படி நிலைத்துவிட்ட நீரிழிவு பத்தில் ஒருவரிலிருந்து பத்தில் மூன்று, நான்கு பேர்வரை வருகிறது. வயது, எடை, குடும்பத்தில் நீரிழிவு, ஹெபடைடிஸ் சி போன்றவை அதைக் கூட்டுகின்றன.

எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ1சி 5.6. எந்தப் பரிசோதனைக் கூடமும் அம்புக்குறி போடாத எண்கள். என்னைப் பார்க்கும் சிறுநீரக மருத்துவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "இதை நம்பாதீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு விரல்ல குத்திப் பாருங்க" என்றார்.

நாலு மணிக்கு விரலில் குத்துவது எனக்குச் சின்ன வேலை இல்லை. டாக்ரோலிமஸ் தந்த கைநடுக்கம் இருக்கிறது. ரத்தத்துளி சர்க்கரைக் கருவியில் செருகிய பட்டையின் விளிம்பைத் தொடுவதற்குள் விரல் விலகிவிடும். துளி மேசையில் விழுந்தால் பட்டை வீண். அதனால் மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, துளியைப் பட்டைக்குக் கொண்டுபோகாமல் பட்டையைத் துளியிடம் கொண்டுவர வேண்டும். கருவி ஐந்து நொடி யோசித்துவிட்டு 214 என்று காட்டியது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் மறுபடி தொண்ணூறுகள்.

காரணம் எளிது. ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் விழுங்குகிறோம். அதன் வேகம் அடுத்த சில மணி நேரங்களில், மதியச் சாப்பாட்டோடு சேர்ந்து உச்சத்துக்குப் போகும். ராத்திரி இறங்கிவிடும். விடிகாலையில் எல்லாம் அமைதி. நாம் ரத்தம் கொடுக்கப் போவதோ விடிகாலையில், வெறும் வயிற்றோடு. டாக்ரோலிமஸ் அளவைக் காலை மாத்திரைக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும் என்பதால் எங்கள் ரத்தப் பரிசோதனை முழுக்க அந்த நேரத்துக்கே பழகிப்போய்விட்டது. சர்க்கரை ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல நேரம் கிடையாது. எச்.பி.ஏ1சி-யும் முதல் ஆண்டில் முழு உண்மை பேசாது. புதுச் சிறுநீரகம், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டினைச் சுரக்க ஆரம்பித்ததும் இளம் சிவப்பணுக்கள் நிறைய வரும். சர்க்கரை ஒட்ட அவற்றுக்குக் காலம் போதவில்லை, எனவே எண் குறைத்துக் காட்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் அப்படித்தான். குளுக்கோஸ் கரைசலைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கும் பழைய பரிசோதனைதான் எங்களுக்கு இன்னமும் மேல். அது வசதியில்லாத இடத்தில், மாலை நாலு மணி விரல் குத்து மோசமில்லை.

2012-ல் வியன்னாவில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது, 50 நோயாளிகள். அறுவை முடிந்த கையோடு, மாலைச் சர்க்கரை ஏறும்போதே, பாதிப் பேருக்கு இன்சுலின் ஊசி கொடுத்துப் பீட்டா செல்களுக்கு ஓய்வு தந்தார்கள். ஓராண்டு கழித்து நீரிழிவு வரும் வாய்ப்பு அந்தப் பிரிவில் வெகுவாகக் குறைந்திருந்தது. படித்தபோது இதை ஏன் எல்லா இடத்திலும் செய்வதில்லை என்று எரிச்சல்கூட வந்தது. பிறகு பல மையங்களில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது பலன் அவ்வளவு பளிச்சென்று இல்லை, தாழ் சர்க்கரை மட்டும் கூடியது. சின்ன ஆய்வுகளைக் கண்டு குதிக்கிற குணம் எனக்கு அதோடு கொஞ்சம் அடங்கியது.

அடுத்தது உடம்பின் எடை. டயாலிசிஸ் காலத்தில் தண்ணீர் அளந்து, பொட்டாசியம் பார்த்து, பாஸ்பரஸ் பார்த்துச் சாப்பிட்ட ஆளுக்குத் திடீரென்று கதவு திறக்கிறது. நாக்குக்கு ருசி திரும்புகிறது, ஸ்டீராய்டு பசியைத் தூண்டுகிறது. முதல் ஆண்டில் ஐந்து முதல் பத்து கிலோ ஏறுவது சாதாரணம். சுற்றியிருப்பவர்கள் "இப்பத்தான் ஆள் தேறியிருக்கே" என்று சந்தோஷப்படுவார்கள். ஏறுவது பெரும்பாலும் வயிற்றைச் சுற்றி, குடல்களுக்கு நடுவே சேரும் கொழுப்பு என்பது வெளியே தெரியாது.

கொழுப்பைச் சும்மா கிடக்கும் சேமிப்பு என்று நினைத்த காலம் போய்விட்டது. 1993-ல் ஹோடமிஸ்லிகிலும் ஸ்பீகல்மனும், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தயாரிக்கிறது, அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்று காட்டினார்கள். பத்து வருஷம் கழித்து, பருத்த கொழுப்பு மேக்ரோபேஜ் செல்களைத் தன் பக்கம் இழுத்துக் குவித்துக்கொள்கிறது என்பது தெரிந்தது. அங்கிருந்து புறப்படும் இன்டர்லூகின்-6 என்ற இன்னொரு அழற்சிப் பொருள் கல்லீரலுக்குப் போய்ச் சி.ஆர்.பி.-யைத் தயாரிக்கச் சொல்கிறது. ஆக, சர்க்கரை ஒரு துறை, அழற்சி இன்னொரு துறை என்று இரண்டு டாக்டர்களிடம் பிரித்துக் கொடுக்க முடியாது. இன்சுலின் வேலை செய்யாத இடத்தில் கொழுப்பு ரத்தத்தில் அலைகிறது, ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, குழாயின் உட்சுவர் புண்படுகிறது, அழற்சி கூடுகிறது, இன்சுலின் இன்னும் மந்தமாகிறது. எங்கள் மருந்துகள் இந்தச் சுற்றில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நுழைந்து தள்ளிவிடும்.

கொழுப்பு ஏறுவது ஒரு பக்கம் என்றால் தசை இறங்குவது மறுபக்கம். இங்கேதான் நான் மிகவும் நம்பிய எண்ணே காலை வாரியது.

ஒருமுறை என் கிரியேட்டினின் 1.3-லிருந்து 1.1-க்கு இறங்கியிருந்தது. அக்காவுக்கு ஒரே குஷி. மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "கையை மார்புல கட்டிக்கிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்க, அஞ்சு தடவை" என்றார். இரண்டாவதிலேயே முன்னால் சாய்ந்து உந்த வேண்டியிருந்தது. ஐந்தாவதில் தொடை நடுங்கியது. "கிரியேட்டினின் குறைஞ்சதுக்குச் சிறுநீரகத்தைப் பாராட்டாதீங்க, தொடையைப் பாருங்க" என்றார்.

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை கரைந்தால் கழிவும் குறையும், சிறுநீரகம் எப்படி இருந்தாலும். ஸ்டீராய்டு முதலில் தின்பது தொடை, இடுப்பு, தோள் என்று உடம்போடு ஒட்டிய பெரிய தசைகளைத்தான். சர்க்கரையை உண்மையில் வாங்கி எரிக்கும் இடமும் அதே பெரிய தசைகள்தான். எனவே தசை போனால் இன்சுலின் எதிர்ப்பு கூடுகிறது, ஆனால் தாளில் கிரியேட்டினின் அழகாகிறது. நெதர்லாந்தில் க்ரோனிங்கன் மருத்துவமனைக் குழுவினர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களை நீண்டகாலமாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறும் மொத்தக் கிரியேட்டினினைத் தசையின் அளவுகோலாக எடுத்துப் பார்த்தபோது, அது குறைவாக இருந்தவர்கள் முன்னதாக இறந்ததையும் சிறுநீரகத்தை இழந்ததையும் கண்டார்கள். ரத்தத்தில் குறைந்தால் நல்லது, சிறுநீரில் குறைந்தால் கெட்டது. ஒரே பொருள்தான்! சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனை தசையைச் சார்ந்ததல்ல என்பார்கள். உண்மைதான், ஆனால் அது ஸ்டீராய்டாலும் அழற்சியாலும் மாறும். எங்களுக்கென்று சுத்தமான கண்ணாடி எதுவும் இல்லை.

இப்போது சி.ஆர்.பி. 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் டில்லட்டும் பிரான்சிஸும் கண்டுபிடித்த புரதம். லிட்டருக்கு 1 மி.கி.-க்குக் கீழே என்றால் இதய ஆபத்து குறைவு, 3-க்கு மேல் என்றால் கூடுதல் என்பது பொதுக்கணக்கு. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இது பல மடங்கு ஏறிக்கிடக்கும். மாற்று அறுவைக்குப் பிறகு இறங்கும். பலருக்கும் ஆரோக்கியமானவர்களின் அளவுக்கு இறங்குவதில்லை.

அது முக்கியமா? முக்கியம் என்பதற்கு நல்ல சான்று, கொழுப்பு மருந்தைச் சோதிக்க நடந்த 'அலர்ட்' என்ற ஆய்வு. மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 2,102 பேர், பாதிப் பேருக்கு ஃப்ளூவாஸ்டாட்டின். 2003-ல் முடிவு வந்தபோது முதன்மை இலக்கில் தெளிவான வெற்றி இல்லை. ஆனால் இதய மரணமும் மாரடைப்பும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அதே ஆட்களின் சேமித்த ரத்தத்தைப் பின்னர் ஆராய்ந்தார்கள். இன்டர்லூகின்-6-உம் சி.ஆர்.பி.-யும் கூடுதலாக இருந்தவர்களுக்கு இதயப் பாதிப்பும் மரணமும் கூடுதல்.

கனல் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் பட்டியல் நீளும். வயிற்றுக் கொழுப்பைச் சொல்லிவிட்டேன். சைட்டோமெகலோ வைரஸ் உள்ளே மெதுவாகப் புரண்டுகொண்டிருக்கலாம். முதல் மாற்றுச் சிறுநீரகம் செயலிழந்து, அகற்றாமல் உள்ளேயே கிடந்தால், அதுவே அழற்சிக்கு ஊற்று. டயாலிசிஸுக்காகக் கையில் வைத்த செயற்கைக் குழாய் அடைபட்டுப் பயனின்றிக் கிடந்தாலும் சந்தேகிக்க வேண்டியதுதான். சில சமயம் புதுச் சிறுநீரகத்துக்குள்ளேயே, கிரியேட்டினின் அசையாமல், நுண்குழாய்களில் அழற்சி நடக்கும். அதைத் திசுப் பரிசோதனையில் மட்டும்தான் பிடிக்க முடியும்.

அப்புறம் பல் ஈறு. பல் தேய்க்கும்போது ரத்தம் வருவதை நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை, சி.ஆர்.பி. தொடர்ந்து ஆறு, ஏழு என்று நின்றபோது மருத்துவர்தான் வாயைத் திறக்கச் சொன்னார். பல் மருத்துவர் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தபின் எண் இரண்டுக்கு வந்தது. ஈறுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சி.ஆர்.பி. ஒரு சளிக்கே ஏறும், ஒரு நாளுக்குள் பாதியாக இறங்கும். சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். ஆனால் பல் மருத்துவரிடம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை எழுதினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயை இறுக்கும். ஆன்டிபயாட்டிக் கிளாரித்ரோமைசின் என்றால் டாக்ரோலிமஸ் அளவு கிடுகிடுவென்று ஏறும். சீட்டை வாங்கியதும் மாற்று சிகிச்சைக் குழுவிடம் காட்டிவிட்டு வாங்குவதே உத்தமம்.

கனல் இருக்கிறது என்று தெரிந்ததும் அதை அணைக்க ஒரு மாத்திரை இருக்குமே என்றுதான் மனசு போகும். காத்திருப்பு இருக்கையில் என் பக்கத்தில் உட்காருகிற பெரியவர் ஒருவர், ஒரு நாள் பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்தார். "தம்பி, இது அழற்சியைக் குறைக்குமாம். மஞ்சள் சாரத்துல செஞ்ச கேப்ஸ்யூல்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா அண்ணே?"

"இயற்கைதானே தம்பி, இதுக்கு எதுக்கு டாக்டரு?"

இந்த 'இயற்கைதானே' எனக்கு எரிச்சலூட்டுகிற வார்த்தை. டாக்ரோலிமஸும் இயற்கைதான், 1984-ல் ஜப்பானில் சுகுபா மலையடிவாரத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் தருவது. விஷயம் அதுவல்ல. டாக்ரோலிமஸைக் குடலிலும் கல்லீரலிலும் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. செறிவூட்டிய மஞ்சள் சாரம் அதை மந்தப்படுத்தக்கூடும். நிறைய மஞ்சள் எடுத்துக்கொண்டு டாக்ரோலிமஸ் நச்சளவுக்கு ஏறிய நோயாளி பற்றிய மருத்துவப் பதிவு உண்டு. கிரேப்ஃபுரூட் பழம் அதே நொதியை நிறுத்திவைக்கும். மனச்சோர்வுக்கு விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை எதிர்த்திசையில் போய் மருந்தளவைச் சரித்துவிடும், அப்புறம் நிராகரிப்புதான். பெரியவர் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டார். காட்டினாரா தெரியாது.

மருந்துக் கடையில் இருக்கும் அழற்சி எதிர்ப்பு மருந்துகளும் எங்களுக்கு நேரான பாதை இல்லை. 2017-ல் வெளியான 'கேன்டோஸ்' ஆய்வில், மாரடைப்பு வந்த 10,061 பேரில் இன்டர்லூகின்-1பீட்டா என்ற அழற்சிப் பொருளை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பைத் தொடாமல், அழற்சியை மட்டும் குறைத்ததில் இதயப் பாதிப்பு குறைந்தது. அழற்சிக் கொள்கைக்கு அது பெரிய வெற்றி. கூடவே, உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. ஏற்கனவே தொற்றுக்குப் பயந்து வாழ்கிற எங்களுக்கு அந்தப் பரிமாற்றம் கட்டுப்படியாகுமா? கோல்சிசின் இதய நோய்க்கு இப்போது பரிந்துரைக்கப்படுகிறது. சைக்ளோஸ்போரினோடு சேர்ந்தால் அது உடம்பில் தேங்கித் தசையையும் நரம்பையும் கெடுக்கும். 'ஃபேவரிட்' ஆய்வில் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 4,110 பேரில் பி வைட்டமின்களைக் கூடுதல் அளவில் கொடுத்து, இதய நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட ஹோமோசிஸ்டீன் என்ற ரத்தப் பொருளைக் குறைத்தார்கள். எண் அழகாக இறங்கியது. மாரடைப்பு இறங்கவில்லை. ரிப்போர்ட்டில் ஓர் எண்ணைத் திருத்துவது வேறு, ஆளைக் காப்பாற்றுவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நான் பார்க்கவில்லை. சி.ஆர்.பி.-க்காகவே ஒரு மாத்திரை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த 4,110 பேர்தான் நினைவுக்கு வருவார்கள்.

அதனால் என் சாய்வு, கனலுக்கு விறகு போடுகிறவற்றைக் குறைப்பது. ரத்த அழுத்தம், புகைக்காமை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் எல்லாம் தெரிந்த கதை. ஸ்டாட்டினில் மட்டும் ஒரு கவனம், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்குச் சிம்வாஸ்டாட்டின் ஆகாது, தசை சிதையும். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் தொடையைத் திரும்பப் பெற நடை போதவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையே பயிற்சியாக்கி, பிறகு எடை தூக்க ஆரம்பித்தபின்தான் மாலைச் சர்க்கரை 160-களுக்கு வந்தது. கிரியேட்டினின் 1.2 ஆக ஏறியது. அக்காவுக்கு அதை விளக்கப் போதும் போதும் என்றாகிவிட்டது.

புது மருந்துகளில் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரையை மாற்று அறுவைக்குப் பின் நீரிழிவு வந்த 44 பேரில் ஓஸ்லோவில் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது, எடை இரண்டரை கிலோ இறங்கியது, பாதுகாப்பில் பெரிய பிரச்சினை தெரியவில்லை. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து என்பதால் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருபவர்கள் யோசிக்க வேண்டும். காய்ச்சல், வாந்தி, பட்டினி நாட்களில் அதை நிறுத்திவைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவுக்குத் தரப்படும் செமாகுளூடைட் வகை ஊசிகள் எடையையும் சி.ஆர்.பி.-யையும் சேர்த்துக் குறைக்கின்றன. ஆனால் சிறுநீரக நோயாளிகளில் இவற்றின் பலனைக் காட்டிய பெரிய ஆய்வுகள் எங்களைப் போன்றவர்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் நடந்தன. எங்கள் டாக்டர்கள் மற்றவர்களின் ஆய்விலிருந்து கடன் வாங்கித்தான் எங்களுக்கு எழுதுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

மிச்சம் இருப்பது எல்லோரும் கேட்கிற கேள்வி: ஸ்டீராய்டையே விட்டுவிட்டால்? ஜெர்மனியில் 615 பேரில் நடந்து 2016-ல் வெளியான 'ஹார்மனி' ஆய்வில், நிராகரிப்பு ஆபத்து குறைந்தவர்களுக்கு எட்டாவது நாளிலேயே ஸ்டீராய்டை நிறுத்தினார்கள். ஓராண்டில் நீரிழிவு 39 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் குறைந்தது, நிராகரிப்பு கூடவில்லை. இது ஆரம்பத்திலேயே, தேர்ந்தெடுத்த ஆட்களுக்குச் செய்தது. வேறு ஆய்வுகளில் ஸ்டீராய்டை நிறுத்தியவர்களுக்கு நிராகரிப்பு கூடியதும் உண்டு. நிராகரிப்பு வந்தால் சிகிச்சை என்ன? தொடர்ந்து சில நாட்கள், நாளுக்கு அரை கிராம், ஒரு கிராம் என்று மெதில்பிரெட்னிசோலோன் நரம்பில் ஏற்றுவது. பல மாதங்களில் மிச்சம் பிடித்த ஸ்டீராய்டெல்லாம் மூன்றே நாளில் வட்டியோடு உள்ளே போகும்.

என் விஷயத்தில் நானே கேட்டேன். மருத்துவர் கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடிப் பரிசோதனையை எழுதினார். அக்காவின் திசுவுக்கு எதிராக மெலிதாக ஒன்று இருந்தது, அதாவது நிராகரிப்புக்கு வாய்ப்பு உண்டு. "5 மி.கி. இருக்கட்டும். டாக்ரோலிமஸைக் கொஞ்சம் கீழே கொண்டுவர முடியுமான்னு பார்ப்போம், அதுவும் ஆன்டிபாடியைத் திரும்பப் பார்த்துட்டு" என்றார். அடுத்த முறை எழுதிக் கொடுத்த சீட்டில் கிரியேட்டினினோடு ஆன்டிபாடி, மக்னீசியம், 24 மணி நேரச் சிறுநீர், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சர்க்கரை. ரத்தம் எடுக்கிறவர் கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மட்டும் மறுபடி மூணு மணிக்கு வரணுமே சார்" என்று அலுத்துக்கொண்டார். வருகிறேன் என்றேன்.